பழைய ரோடு பைக்குக்கு ஃப்ரீவீல் மாற்றணுமா? பல்லை எண்ணும் முன் மரையைப் பாருங்கள்

பழைய ரோடு பைக் வைத்திருப்பவர்கள் ஃப்ரீவீல், அதாவது பின் சக்கரத்தின் பல்சக்கரத் தொகுதி, தேடும்போது முதலில் கேட்பது பல் எண்ணிக்கையைத்தான். 14க்கு 28 (சின்னப் பல்சக்கரத்தில் 14 பல், பெரியதில் 28), ஆறு ஸ்பீடு, எங்கே கிடைக்கும் என்பார்கள். பல் கடைசியில் பார்க்க வேண்டியது. முதலில் பார்க்க வேண்டியது ஹப்பில் வெட்டியிருக்கும் மரை, அடுத்தது பின் சக்கரத்துக்கு ஃபிரேமில் இருக்கும் இடம், அதற்கப்புறம் டீரெய்லர், அதாவது செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் கருவி, எவ்வளவு பெரிய பல்சக்கரத்தைத் தாங்கும் என்பது. இந்த வரிசையில் போனால் பணமும் மிச்சம், ஹப்பும் மிச்சம்.

நான் இதை ஒரு ஹப்பை இழந்துதான் கற்றுக்கொண்டேன். 1970களில் பிரான்சில் செய்த சைக்கிள் ஒன்று கைக்கு வந்தது, ஃப்ரீவீலின் பற்கள் சுறா முதுகு போலத் தேய்ந்து சாய்ந்திருந்தன. ஒரு கடையில் புது ஃப்ரீவீல் மாட்டிக்கொடுத்தார்கள். விரலாலேயே சுற்றிச் சுற்றி ஏறிவிட்டது, எவ்வளவு சுலபமாக ஏறுகிறது என்று எனக்கு மகிழ்ச்சிதான். மூன்றாவது நாள் ஒரு மேம்பாலச் சரிவில் எழுந்து நின்று மிதித்தபோது காலுக்கு அடியில் பெடல் வெறுமனே சுற்றிக்கொண்டு போனது. சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால் ஃப்ரீவீல் கையோடு வந்துவிட்டது. அதன் உள்ளே தேங்காய்த் துருவல் மாதிரி அலுமினியச் சுருள்கள், ஹப்பில் மரை இருந்த இடத்தில் வழவழப்பு. ஃப்ரீவீல் இரும்பு, ஹப் அலுமினியம். மரை பொருந்தாவிட்டால் போவது எப்போதும் ஹப்தான்.

சரி, மாற்றத்தான் வேண்டுமா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பெடலை நிறுத்தும்போது கரகரவென்று சத்தம் வந்தால் அது பெரும்பாலும் அழுக்குதான். சக்கரத்தைப் படுக்கவைத்து, ஃப்ரீவீலின் அசையும் பகுதிக்கும் அசையாத பகுதிக்கும் நடுவில் இருக்கும் இடுக்கில் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு, சுற்றி, அழுக்கு வடிந்ததும் இளகலான மெஷின் ஆயில் நாலைந்து சொட்டு விட்டால் பல ஃப்ரீவீல்கள் இன்னும் பல வருடம் ஓடும். சுற்றும்போது லேசாக ஆடுவதும் குறையல்ல, பழைய ஃப்ரீவீல்கள் புதிதாக இருந்தபோதே அப்படித்தான் ஆடின. மாற்றியே ஆக வேண்டியது எப்போதென்றால், அழுத்தி மிதிக்கும்போது செயின் பல்லின் மேல் ஏறித் தாவினால், அல்லது உள்ளே இருக்கும் நாக்குகள் பிடிக்காமல் பெடல் முன்னோக்கியே வெறுமனே சுற்றினால். செயினையும் அளந்துவிடுங்கள். ஒரு அடி ஸ்கேலை ஒரு பின்னின் நடுவில் வைத்தால் 12 அங்குலத்தில் இன்னொரு பின்னின் நடு சரியாக வர வேண்டும். ஒரு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தள்ளியிருந்தால் செயின் முடிந்தது. எட்டில் ஒரு பங்கு தள்ளியிருந்தால் அந்தச் செயின் பல்சக்கரங்களையும் தின்றிருக்கும், இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள்.

அடுத்து, உங்களுடையது ஃப்ரீவீல்தானா என்று பாருங்கள், ஏனென்றால் வெளியிலிருந்து பார்க்க கேசட்டும் அதே மாதிரிதான் இருக்கும். ஃப்ரீவீலில் பல்சக்கரங்களும் அவற்றை ஒரு பக்கம் மட்டும் பிடிக்கவைக்கும் நாக்குகளும் ஒரே உருப்படியாக இருந்து, மொத்தமும் ஹப்பின் மேல் மரையில் ஏறும். கேசட்டில் அந்த நாக்குகள் ஹப்போடு இருக்கும், பல்சக்கரங்கள் மட்டும் தனியாக வரும். கண்டுபிடிக்கச் சுலபமான வழி: சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு பல்சக்கரங்களைப் பின்னோக்கிச் சுற்றுங்கள், நடுவில் டூல் நுழைகிற பள்ளங்களை மட்டும் பாருங்கள். அவை பற்களோடு சேர்ந்து சுற்றினால் கேசட். அசையாமல் நின்றால் ஃப்ரீவீல். 1980களின் சில பிரெஞ்சு சைக்கிள்களில் மெய்லார்ட் நிறுவனத்தின் ஹெலிகோமேட்டிக் என்ற மூன்றாவது வகையும் வந்தது. அதில் மரைக்குப் பதிலாகச் சாய்வான வரிப்பள்ளங்களும் பிடித்துவைக்க ஒரு வளையமும் இருக்கும், சாதாரண ஃப்ரீவீல் அதில் ஏறவே ஏறாது. அந்த வகை கையில் இருந்தால் சக்கரத்தையே மாற்றுவது பற்றி யோசியுங்கள். உதிரி பாகம் தேடி அலைவதில் எனக்கு ஆர்வம் உண்டு, ஆனாலும் இந்த ஒன்றுக்காக யாரையும் அலையச் சொல்ல மாட்டேன்.

இப்போது மரை. பழைய ரோடு பைக்குகளில் நீங்கள் சந்திக்கக்கூடியது மூன்று. ஒன்று ஆங்கில மரை, 1.37 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 24 சுற்று. ஐஎஸ்ஓ தரமும் 1.375 என்று ஏறக்குறைய இதேதான். ஜப்பானிய சைக்கிள்கள், பிரிட்டிஷ் சைக்கிள்கள், இன்று கடையில் கிடைக்கும் புது ஃப்ரீவீல்கள் எல்லாம் இதில்தான் வரும். நம் ஊர் கேரியர் வைத்த சாதாரண சைக்கிளின் ஒற்றை ஃப்ரீவீலும் இந்த ஆங்கில மரைதான், பிரிட்டிஷ் சைக்கிள்களைப் பார்த்து வளர்ந்த தொழில் இது. இரண்டாவது இத்தாலிய மரை, 35 மில்லிமீட்டர், அங்குலத்துக்கு அதே 24 சுற்று. விட்டம் ஒரு மயிரிழைதான் வித்தியாசம் என்பதால் ஆங்கில ஃப்ரீவீல் இத்தாலிய ஹப்பில் சற்று இறுக்கமாக ஏறிவிடும், வேலையும் செய்யும். ஆனால் ஒருமுறை ஆங்கிலத்துக்குப் போனால் அதோடு நின்றுவிடுங்கள். இதையும் அதையும் மாற்றி மாற்றி ஏற்றினால் மரை தளர்ந்துவிடும்.

மூன்றாவதுதான் என் ஹப்பைத் தின்றது. பிரெஞ்சு மரை 34.7 மில்லிமீட்டர் விட்டம், ஒரு சுற்றுக்கு 1 மில்லிமீட்டர். ஆங்கில மரையில் விட்டம் 34.8, ஒரு சுற்றுக்கு 1.06. வித்தியாசத்தைப் பாருங்கள், விட்டத்தில் 0.1 மில்லிமீட்டர், சுற்றுக்கு 0.06. கண்ணுக்குத் தெரியாது, விரலுக்கும் தெரியாது. பிரெஞ்சு ஹப் கொஞ்சம் சின்னது என்பதால் ஆங்கில ஃப்ரீவீல் தாராளமாக ஏறும், ஏறிய பிறகு மரையின் முகடுகளை மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும், முதல் நல்ல மேட்டில் மொத்தத்தையும் வழித்துவிடும். அதனால் ஃப்ரீவீல் ஏறும்போது லொடலொடவென்று ஆட்டம் தெரிந்தால், எவ்வளவு சுலபமாக ஏறினாலும் சரி, அங்கேயே நிறுத்துங்கள்.

எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பழைய ஃப்ரீவீலைக் கழற்றியதும் அதன் பின்புறத்தையும் ஹப்பின் விளிம்பையும் துடைத்துப் பாருங்கள், பல நேரம் 1.37×24 என்றோ பி.எஸ்.சி. (இதுவும் ஆங்கில மரைதான்) என்றோ 34.7×1 என்றோ பொறித்திருக்கும். பொறிப்பு இல்லையென்றால் சைக்கிளின் பிறப்பிடம் ஒரு குறிப்பு. 1970களின் பிரெஞ்சு சைக்கிள் என்றால் சந்தேகத்தோடு தொடங்குங்கள், ஆனால் ஏற்றுமதிக்குப் போன பிரெஞ்சு சைக்கிள்களில் ஆங்கில மரை போட்ட ஹப்பும் உண்டு, பிறப்பிடத்தை வைத்து மட்டும் முடிவு கட்டாதீர்கள். காலிப்பரை மட்டும் நம்புவதும் சரியல்ல, மரை முகடு தேய்ந்திருந்தால் ஆங்கில ஹப்பே 34.7 காட்டும். உறுதியான வழி த்ரெட் கேஜ். சீப்பு மாதிரி இருக்கும், எந்த லேத் பட்டறையிலும் வைத்திருப்பார்கள். 1 மில்லிமீட்டர் தகட்டையும் 24 சுற்றுத் தகட்டையும் மாற்றி மாற்றி மரையில் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஒன்று கச்சிதமாக உட்காரும், இன்னொன்றில் இடையே வெளிச்சம் கசியும். என் வழித்தெடுத்த ஹப்பை இப்படி ஒரு லேத்காரர் அரை நிமிடத்தில் காட்டிக்கொடுத்தார், வாங்குவதற்கு முன்னால் போயிருக்க வேண்டிய இடம் அது.

பிரெஞ்சு மரை என்று உறுதியானால் வழி இரண்டுதான். பிரெஞ்சு மரையில் வந்த பழைய மெய்லார்ட், ஆட்டம் (Atom), ரெஜினா நிறுவனங்களின் ஃப்ரீவீல்களை இரண்டாம் கையாகத் தேடுவது, இல்லையென்றால் ஆங்கில மரை ஹப் உள்ள சக்கரம் வாங்குவது. தினமும் ஓட்டும் சைக்கிள் என்றால் நான் சக்கரத்தைத்தான் மாற்றுவேன்.

மரை முடிந்தது, அப்புறம் அகலம். பின் சக்கரத்தின் அச்சு உட்காரும் ஃபிரேமின் இரண்டு இரும்புப் பட்டைகளுக்கு நடுவே, உள் பக்கத்திலிருந்து உள் பக்கம் அளந்து பாருங்கள். 120 மில்லிமீட்டர் என்றால் அது ஐந்து ஸ்பீடு காலத்து ஃபிரேம், 126 என்றால் ஆறு அல்லது ஏழு, 130 என்றால் பெரும்பாலும் கேசட் காலத்துக்கு வந்துவிட்டீர்கள். இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். பழைய சைக்கிளில் 10 ஸ்பீடு என்று ஸ்டிக்கர் இருந்தால் முன்னால் 2, பின்னால் 5, பெருக்கினால் 10. 12 ஸ்பீடு என்றால் பின்னால் 6. இன்றைக்கு 12 ஸ்பீடு என்றால் பின்னால் மட்டுமே 12. ஸ்டிக்கரைப் படித்துக் கடைக்காரரிடம் சொல்லாதீர்கள், பின்னால் இருக்கும் பல்சக்கரங்களை எண்ணிச் சொல்லுங்கள்.

பழைய ஐந்து, ஆறு ஸ்பீடு ஃப்ரீவீல்களில் ஒரு பல்சக்கரத்தின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்குச் சுமார் 5.5 மில்லிமீட்டர். நெருக்கமாக அடுக்கியவற்றில் சுமார் 5. ஐந்து ஸ்பீடுக்கு நாலு இடைவெளி, 22 மில்லிமீட்டர். நெருக்கமான ஆறுக்கு ஐந்து இடைவெளி, 25. சாதாரண ஆறுக்கு 27.5. நெருக்கமான ஏழுக்கு 30. ஜப்பானின் சன்டூர் 120 மில்லிமீட்டர் ஃபிரேமிலேயே ஆறு பல்சக்கரத்தை நுழைக்க அல்ட்ரா 6 என்று போட்டது இந்த நெருக்கத்தை வைத்துத்தான். 126 ஃபிரேமில் ஆறுக்குப் பதில் ஏழு போடுவதும் பல சைக்கிள்களில் சரிவரும், ஆனால் மாட்டிய பிறகு செயினைச் சின்னப் பல்லில் போட்டுப் பெடலைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள், அடுத்த பல்லிலிருந்து சின்னப் பல்லுக்கு இறங்கும்போதும் பாருங்கள், அப்போதுதான் செயின் ஃபிரேமை உரசும். உரசினால் அச்சில் அந்தப் பக்கம் 1 அல்லது 2 மில்லிமீட்டர் வாஷர் சேர்க்கலாம், சேர்த்தால் ரிம் ஒரு பக்கம் ஒதுங்கும், ஸ்போக்கை இழுத்து ரிம்மை நடுவுக்குக் கொண்டுவர வேண்டியிருக்கும். அந்த வேலை வேண்டாம் என்றால் இருந்த எண்ணிக்கையே போடுங்கள். ஒரு பல்சக்கரம் கூடுவதால் கிடைக்கும் லாபம் பெரிதல்ல.

இன்னொரு காரணமும் உண்டு. ஃப்ரீவீல் ஹப்பில் வலது பக்கத்து பேரிங், ஃப்ரீவீலுக்கு உள்ளே தள்ளி இருக்கிறது. அதிலிருந்து ஃபிரேம் வரை அச்சு தாங்குவாரில்லாமல் நீண்டு நிற்கும். ஃப்ரீவீல் அகலமாக ஆக அந்த நீளமும் கூடும், அச்சு வளையும், உடையவும் செய்யும். கனமான ஆளாக இருந்தாலோ சாலை மோசமாக இருந்தாலோ இதை மனதில் வையுங்கள்.

கியர் லீவர் எந்த வகை என்பதும் இங்கே வரும். கிளிக் இல்லாமல் வழுக்கிக்கொண்டு போகும் பழைய லீவர் என்றால் கவலையே இல்லை, எத்தனை பல்சக்கரமானாலும் எந்த இடைவெளியானாலும் கையே சரிசெய்துகொள்ளும். 1980களின் நடுவில் ஷிமானோ எஸ்ஐஎஸ் வந்த பிறகுதான் லீவர் கிளிக் கிளிக்கென்று நகர ஆரம்பித்தது. அப்படி லீவர் இருந்தால் அதன் கிளிக் எண்ணிக்கையும் இடைவெளியும் ஃப்ரீவீலோடு பொருந்த வேண்டும், ஆறு கிளிக் லீவருக்கு ஏழு ஸ்பீடு ஃப்ரீவீல் வாங்கக்கூடாது. அந்தக் கால லீவர்கள் பலவற்றில் கிளிக்கை அணைத்துவிடும் திருகு வளையம் இருக்கும், அதைத் திருப்பிவிட்டால் எதுவும் ஓடும்.

இப்போதுதான் பல். இதில் பார்க்க வேண்டியது இரண்டு எண்கள். முதலாவது, உங்கள் பின் டீரெய்லர் தாங்கும் மிகப் பெரிய பல்சக்கரம். பழைய பந்தய வகை டீரெய்லர்கள், அதாவது கீழே தொங்கும் கூண்டு குட்டையாக இருப்பவை, பொதுவாக 26 அல்லது 28 பல்லோடு நின்றுவிடும். அதற்கு மேல் போட்டால் டீரெய்லரின் மேல் உருளை பல்சக்கரத்திலேயே உரசும். இரண்டாவது, மிச்சச் செயினைச் சுருட்டிக்கொள்ளும் திறன். முன்னால் 52, 42 என்றால் வித்தியாசம் 10. பின்னால் 14, 28 என்றால் வித்தியாசம் 14. கூட்டினால் 24, குட்டைக் கூண்டு பெரும்பாலும் சமாளித்துவிடும். அதே சைக்கிளில் 14க்கு 34 போட்டால் கூட்டல் 30 ஆகிவிடும், அதற்கு நீளக் கூண்டு டீரெய்லர் வேண்டும்.

பெரிய பல்லால் என்ன கிடைக்கும் என்றால், 700சி சக்கரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 2.1 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் 42, பின்னால் 24 என்றால் ஒரு மிதிக்குச் சுமார் 3.7 மீட்டர் போகும். 28 என்றால் 3.15 மீட்டர். மேட்டில் இந்த அரை மீட்டர்தான் உட்கார்ந்து ஏறுவதற்கும் இறங்கித் தள்ளுவதற்கும் உள்ள வித்தியாசம். சின்னப் பல் பக்கம் 13 இல்லையே, 12 இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். 52க்கு 14 போட்டு நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால் மணிக்கு 42 கிலோமீட்டர் வேகம், நம்மில் எத்தனை பேருக்கு அதற்கு மேல் வேண்டும்?

இந்தியாவில் கடைகளில் சுலபமாகக் கிடைப்பது ஷிமானோவின் 14க்கு 28 மரை ஃப்ரீவீல்தான், ஆறு ஸ்பீடிலும் ஏழு ஸ்பீடிலும் வருகிறது, விலை குறைந்த கியர் சைக்கிள்களில் நிறைய இருப்பது அதே உருப்படி என்பதால் சின்ன ஊர்களிலும் சொல்லிவைத்தால் வரவழைத்துத் தருவார்கள். சன்ரேஸ் என்ற தைவான் நிறுவனத்துடையதும் நன்றாகவே ஓடும். இவற்றின் பற்களில் செயின் ஏறி இறங்கச் சரிவுகள் வெட்டியிருப்பதால் பழைய ஃப்ரீவீலைவிடக் கியர் மென்மையாக விழும், இது மாட்டிய அன்றே தெரியும். ஏழு ஸ்பீடு நெருக்கத்தில் பழைய அகலமான செயின் பக்கத்துப் பல்லை உரசலாம், 6, 7, 8 ஸ்பீடுக்கு என்று விற்கும் செயின் போட்டுவிடுங்கள்.

கழற்றுவதற்கு உங்கள் பழைய ஃப்ரீவீலுக்கென்றே உள்ள ரிமூவர் வேண்டும். சன்டூரில் இரண்டு வெட்டு, நாலு வெட்டு என்று வரும், ஷிமானோவில் உள்ளே 12 வரிப்பள்ளம். அச்சின் நட்டு இடித்துக்கொண்டு ரிமூவர் உள்ளே போகவில்லை என்றால் அந்த நட்டைக் கழற்றிவிட்டு நுழையுங்கள். நுழைத்ததும் குயிக் ரிலீஸ் கம்பியையோ அச்சு நட்டையோ போட்டு ரிமூவர் நழுவாதபடி பிடித்துவைக்க வேண்டும். இரண்டு வெட்டு வகைக்கு இதைச் செய்யாமல் விட்டால் வெட்டு உடைந்துவிடும், அப்புறம் கழற்றவே முடியாது. ரிமூவரை வைஸில் கவ்வவைத்து, சக்கரத்தை ஸ்டியரிங் மாதிரி இரண்டு கையாலும் பிடித்து இடப் பக்கம் திருப்புங்கள். வருடக்கணக்கில் ஒவ்வொரு மிதிக்கும் இறுகியது, லேசில் வராது. மடக்கென்று ஒரு சத்தத்தோடு விடும், விட்ட உடனே அந்த நட்டைத் தளர்த்துங்கள், தளர்த்தாமல் மேலும் திருப்பினால் கம்பி அறுந்துவிடும்.

வெட்டு ஏற்கெனவே உடைந்திருந்தால் ஃப்ரீவீலைப் பலிகொடுத்து ஹப்பைக் காப்பாற்றலாம். இரண்டு சின்னக் குழி உள்ள முகப்பு வளையம் இடது மரை, வலப் பக்கம் தட்டினால் கழலும். பல்சக்கரங்கள் பொடிப்பொடிக் குண்டுகளோடு கையோடு வந்துவிடும், மிஞ்சும் உள் கட்டையை வைஸில் பிடித்துத் திருப்பிவிடலாம்.

புதியதை மாட்டும்போது ஹப் மரையைத் துணியால் துடைத்து, நிறைய கிரீஸ் தடவுங்கள். சக்கரத்தைத் தரையில் படுக்கவைத்து ஃப்ரீவீலை மட்டமாக வைத்து, முதலில் இடப் பக்கம் மெதுவாகத் திருப்புங்கள், மரையின் தொடக்கம் விழும்போது விரலில் ஒரு சின்னக் க்ளக் தெரியும். அங்கிருந்து வலப் பக்கம் திருப்புங்கள். ஒரு சுற்றிலேயே இறுகினால் கோணலாக ஏறுகிறது, கழற்றி மறுபடி ஆரம்பியுங்கள். கையால் அடி வரை போனதும் போதும், மிச்ச இறுக்கத்தை முதல் மேட்டில் உங்கள் காலே கொடுக்கும்.

பெரிய பல் முன்னைவிடப் பெரிதானால் செயின் நீளத்தைச் சரிபார்க்காமல் ஓட்டாதீர்கள். டீரெய்லரில் நுழைக்காமல் முன்னால் பெரியது, பின்னால் பெரியது இரண்டையும் சுற்றிப் பிடித்து, முனைகள் சேரும் இடத்துக்கு மேல் இரண்டு கண்ணி, அதாவது ஒரு அங்குலம், கூடுதலாக இருக்க வேண்டும். குறைவாக இருந்தால் தெரியாமல் அந்தக் கியரில் போடும் நாளன்று டீரெய்லர் ஃபிரேமிலிருந்து பிய்ந்து வரும்.

கழற்றிய பழைய ஃப்ரீவீலை எடைக்குப் போடாதீர்கள். நாக்குகள் நன்றாக இருந்தால், அதுவும் பிரெஞ்சு மரையாக இருந்தால், இன்னொருவர் அதைத்தான் தேடிக்கொண்டிருப்பார். துடைத்து, எண்ணெய் விட்டு, மரை அளவையும் பல் எண்ணிக்கையையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி அதிலேயே ஒட்டிவையுங்கள்.